இடக்கைக்காரனுக்குச் செய்த பெட்டி

போன மாதம் நம் வகுப்புக் குழுவில் உங்களில் ஒருவர் பழைய ரிவி கேம் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தீர்கள். வெள்ளையும் சிவப்புமான அந்தப் பெட்டியும் அதன் மஞ்சள் கசற்றும். அதற்குக் கீழே நிறையப் பேர் சிரித்துச் சிரித்து எழுதினீர்கள். ஒருத்தி மட்டும் என்னைக் கேட்டிருந்தாள்: "நீ அந்த மாமி வீட்ட போய் விளையாடுறனி எல்லே? பலகையில செய்த ஒரு சாமான் வைச்சிருந்தனீங்கள்."

நான் பதில் எழுதவில்லை. ஒரு வரியில் எழுதக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இதை இப்படி நீட்டி எழுதுகிறேன். நமக்கெல்லாம் இப்போதுதான் முப்பதாகிறது. ஆனால் கூடினால் கிழவர் கிழவிகளைப்போலத்தான் பேசுகிறோம். எனக்குக் காதோரம் நரைத்தும் விட்டது. அந்த வருடத்தைப் பற்றி மட்டும் நாம் யாரும் பேசுவதில்லை.

முகாமிலிருந்து ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்த வருடம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. பேன் கடிக்கு முகாமில் மொட்டை அடித்த தலையில் மயிர் ஒரு விரலளவு வளர்ந்திருந்தது. கவுண் சட்டை போட்டால்தான் பெண் பிள்ளை, களிசான் போட்டால் பையன். நானும் அம்மாவும்தான் திரும்பி வந்தோம். அப்பாவைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

எங்கள் வளவுக்கு முன்வளவு மாமியுடையது. சொந்த மாமி இல்லை, கூப்பிட்டுப் பழகிய மாமி. அவருக்கு ஒரே மகன். எங்களைவிட ஏழு வயது மூத்த அண்ணா. சண்டையின் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் சனத்துக்குள் காணாமற் போனவர். முகாமில் இருந்த காலம் முழுக்க மாமி அவருடைய படத்தை லமினேற் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். பெயர் எழுத வந்தவர்கள் எல்லோரிடமும் அடையாளம் சொன்னார்: வலப் புருவத்தில் ஒரு தழும்பு, இடக்கைப் பழக்கம். மீளக் குடியேறிய பிறகும் வாரத்துக்கு இரண்டு தரம் வவுனியாவுக்கோ வேறு எங்காவதோ பஸ் ஏறிப் போவார். பின்னேரம் செருப்பைக் கையில் பிடித்தபடி வருவார்.

இடம்பெயர்ந்து ஓடும்போது மாமி ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாவை மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போயிருந்தார். கிணற்றிலிருந்து மூன்றாவது தென்னை என்று அடையாளம். திரும்பி வந்தபோது தென்னைகளுக்குத் தலை இல்லை, சிலவற்றுக்கு அடியே இல்லை. எதை மூன்றாவது என்று எண்ணுவது? அம்மாவும் நானும் மாமியுமாக நான்கு குழி தோண்டினோம். நான்காவதில் மண்வெட்டி பீப்பாவில் பட்டது. உள்ளே பொலித்தீனில் சுற்றிய சின்ன ரிவி, தையல் மெசின் தலை, அண்ணாவின் பள்ளிக்கூட றிப்போட்டுகள், அடியில் ரிவி கேம். எல்லாவற்றிலும் புளித்த பழஞ்சோற்று மணம்.

மாமி மற்றவற்றைத் தொடவில்லை. ரிவி கேமை எடுத்து மடியில் வைத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

ரிவி வேலை செய்தது. கேமும் வேலை செய்தது. மாமியின் வீடு றோட்டுக் கரையில் இருந்தபடியால் கறண்ட் அவருக்கு முதலே வந்திருந்தது. கையில் பிடித்து விளையாடுகிற இரண்டு கொன்றோலையும்தான் எலி தின்றிருந்தது. தாட்ட பீப்பாவுக்குள் எலி எப்படிப் போனது என்று அம்மா கேட்டார். புதைக்கிறதுக்கு முதலே போயிருக்கும் என்றார் மாமி. றப்பர் போய், வயர் போய், மட்டை உடைந்து கிடந்தது. ஒன்றின் உள்ளே இருந்த விரலளவு பச்சைத் தகடு மட்டும் பழுதில்லை.

அம்மா அந்தத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லா இருக்கு அக்கா. இதில இருந்து வயர் இழுத்து வேற பொத்தான் பூட்டலாம். ஒரு பெட்டியில வைச்சு, மேல ஒரு தடி நட்டு."

"உமக்குச் செய்யத் தெரியுமோ?" என்றார் மாமி.

அம்மா தகட்டை ஒரு கடதாசியில் சுற்றினார். "பாப்பம்," என்றார்.

அம்மாவுக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். எங்கே பழகினார் என்று கேட்டேன். "பழகினதுதான். நீ இதை வெளியில கதைக்காத," என்றார். நான் பிறக்க முந்தி இயக்கத்தில் இருந்த அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை. உங்களில் சிலர் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்குக் கறண்ட் வரவில்லை. அம்மா தடித்த செப்புத் துண்டொன்றைக் கம்பியில் கட்டிச் சிரட்டைக் கரியில் காய்ச்சினார். உடைந்த றேடியோவிலிருந்து ஈயத்தை உருக்கி எடுத்தார். ஈயம் ஒட்டுவதற்குக் குங்கிலியத் தூள். ஒவ்வொரு வயரும் ஒட்டும்போது குசினி முழுக்கக் கோவில் மணம் வந்தது. ஒரு வயரைக்கூட அம்மா இரண்டாம் தரம் ஒட்டவில்லை.

பெட்டிக்குப் பலகை, அப்போது எல்லார் வீட்டிலும் கதிரையாகவும் கோழிக்கூடாகவும் இருந்த சண்டைக்காலத்தில் வெடி வந்த அந்தப் பச்சைப் பெட்டிப் பலகைதான். மேலே இருந்த எழுத்துகளை அம்மா கண்ணாடித் துண்டால் சுரண்டினார். தடிக்குப் பழைய குடையின் நடுத்தண்டு. அது சாய்ந்தால் நிமிர்ந்து வரச் சைக்கிள் சீற்றின் கம்பிச்சுருள். நான்கு பக்கமும் தட்டுப்பட ரோச் லைற்றுக்குள் இருந்து வெட்டிய பித்தளைத் தகடுகள். தடியின் தலையில் மாமியின் அலுமாரி இழுப்பு லாச்சிக் குமிழ். அலுமாரியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், ஒரு லாச்சி மட்டும் வளவில் கிடந்தது.

பொத்தான்கள்தான் கிடைக்கவில்லை. மிதிவெடி இருக்கும், இடிந்த வீடுகளுக்குள் போகக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லியிருந்தார்கள். நான் போனேன். றோட்டுக்கு அப்பால் வாசற்சுவர் மட்டும் நின்ற இரண்டு வீடுகளில் அழைப்பு மணிச் சுவிச்சுகள் இருந்தன. கத்தியால் நெம்பும்முன் ஒன்றை அழுத்திப் பார்த்தேன். டக் என்றது. உள்ளே வீடு இல்லை, எருக்கலைச் செடிதான் நின்றது. எனக்கு ஏனோ பயம் பிடித்து, இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா அடித்தார். அடித்துவிட்டுச் சுவிச்சுகளைக் கழுவிப் பூட்டினார்.

பலகையில் துளை போடுகிறபோது மாமி வந்து நின்றார்.

"பொத்தானை இடப்பக்கம் வையும் தங்கச்சி. தடி வலப்பக்கம்."

"கடையில விக்கிறது மற்றப் பக்கமெல்லே அக்கா?"

"அவன் கையைக் குறுக்கால மாத்திப் பிடிச்சுத்தான் விளையாடுறவன். தோள் நோகும் எண்டுவான். வந்தா அவனுக்குச் சுகமா இருக்கும்."

அம்மா இடப்பக்கம் துளை போட்டார்.

முதன்முதல் அதை ரிவியில் பூட்டியபோது யாராவது விளையாடிப் பார்க்க வேண்டுமே என்று என்னை இருத்தினார்கள். எனக்கும் இடக்கைதான் பழக்கம். சாப்பிடும்போதும் எழுதும்போதும் அடித்து மாற்றியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் என் இடக்கை தானாகவே பொத்தான்களின் மேல் போய் நின்றது. அதற்கென்றே செய்ததுபோல இருந்தது. ஏணியில் ஏறி இறங்கிப் பழம் பொறுக்குகிற ஒரு சின்ன மனிதனின் விளையாட்டு. டக், டக், டக். விமானம் வருகிற விளையாட்டும் கசற்றில் இருந்தது, மாமி அதைப் போட விடவில்லை.

"இடக்கையே பிள்ளை நீ?" என்றார் மாமி. நான் அம்மாவைப் பார்த்துக் கையை இழுத்தேன். "எடுக்காத. அப்பிடியே அடி."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி ஒருநாளும் ரிவியைப் பார்க்கவில்லை. குசினிக்குள் எனக்கு முதுகு காட்டி இருந்து தேங்காய் துருவுவார், மீன் வெட்டுவார். சத்தம் நின்றால் அவருடைய கையும் நிற்கும். நான் மறுபடி அடிக்கத் தொடங்கினால் அவரும் துருவத் தொடங்குவார்.

இரண்டு மூன்று கிழமையில் முதல் தரம் அது நடந்தது. "தம்பி, விளையாடினது காணும், சாப்பிட வா" என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது. மகனைக் கூப்பிடுகிற பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் சொன்னார். பிறகு எப்போதும் அப்படித்தான். வாசலில் என்னைக் காணும்போது "வா பிள்ளை" என்பார். உள்ளே போய் இருந்து பொத்தானை அடிக்கத் தொடங்கினால் நான் தம்பி.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவா அப்பிடிக் கூப்பிட்டா சும்மா ஓமெண்டு சொல்லன். உனக்கென்ன குறையப் போகுது? அந்த மனிசி இப்பதான் சோறு தின்னத் தொடங்கியிருக்கு."

அது உண்மை. மாமி சோறு தின்னத் தொடங்கியிருந்தார். தலை இழுத்துக் கட்டினார், வெங்காயம் நட்டார். பஸ் ஏறிப் போவதை நிறுத்திவிட்டார். சனங்கள் என்னைக் கண்டால் மெச்சினார்கள். "நீ போறதால அவாவுக்கு மனம் ஆறுது பிள்ளை, விடாமல் போ." படத்தை அவர் கழுத்திலிருந்து கழற்றிவிட்டதை எல்லோரும் நல்லது என்றுதான் சொன்னார்கள். ஏன் கழற்றினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பாடு இரண்டு கோப்பையில் போட்டு வைத்திருப்பார், பெரிய மீன் துண்டு எனக்கு. இடக்கையால் சாப்பிட்டாலும் ஏசுவதில்லை. ஒருநாள் என் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்று உச்சியை மணந்துவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பிழை என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஆடி மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், ஒரு முற்பகல். காணாதவர்களைப் பதிகிற கிளிநொச்சிக் கந்தோரிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் ஓர் ஆணும் பெண்ணும் கோப்போடு வந்தார்கள். நான் உள்ளே களிசானோடு இருந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு சீலை தொங்கியது. பேசுவது எல்லாம் கேட்டது.

"அம்மா, நீங்கள் மகனைக் காணேல்லை எண்டு பதிஞ்சிருக்கிறியள். அதைச் சரிபாக்க வந்தனாங்கள்," என்றார் அந்த ஆண்.

"மகன் வந்திட்டான்," என்றார் மாமி.

கதிரை ஒன்று நிலத்தில் உரசியது. அந்த ஆண்தான் கேட்டார்: "எப்ப வந்தவர்?"

"மாசியில. உள்ளுக்குத்தான் விளையாடுறான். கேக்கேல்லையோ?"

கடதாசி புரளும் சத்தம். "இடக்கைப் பழக்கம் எண்டு போட்டிருக்கு," என்று அந்தப் பெண் சொன்னார்.

"எட்டிப் பாருங்கோ, எந்தக் கையால அடிக்கிறான் எண்டு."

சீலை விலகியது. வெயில் ஒரு கோடாக என் முதுகில் விழுந்தது. அவர்கள் பார்த்தது ஒரு கட்டைத்தலையும், ஒரு களிசானும், அடிக்கிற ஓர் இடக்கையும்தான். பத்தொன்பது இருபது வயதுக்காரனின் முதுகா அது என்று அவர்கள் யோசித்திருக்கலாம். ஆனால் காணாத பிள்ளை வந்துவிட்டான் என்று பொய் சொல்லுகிற தாயை அவர்கள் அதுவரை கண்டிருக்க மாட்டார்கள்.

"தம்பி!" என்று அந்த ஆண் கூப்பிட்டார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். விளங்கியது. பாதிக்கு மேல் விளங்கியது. ஆனால் அந்தச் சின்ன மனிதன் நான் ஒருநாளும் எட்டாத கடைசி ஏணியில் நின்றான். எழும்பினால் விழுந்துவிடுவான். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு பதில்தான் எனக்குப் பழக்கம்.

"ஓம்," என்றேன்.

சீலை மூடியது. "சந்தோசம் அம்மா," என்று அந்தப் பெண் சொன்னது கேட்டது. உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னார். மாமி ஒரு கையெழுத்து வைத்தார்.

நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். காணாதவர்களின் பெயர்களை வாசித்துச் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாயோ மனைவியோ எழும்பி நின்றார்கள். வாசித்து முடிந்தது. பக்கத்திலிருந்த பெண் மாமியைத் தட்டினார்.

"அக்கா, உங்கட மகன்ர பேர் வாசிக்கேல்லையே?"

"அவன்ர பேர் ஏன் அதில? அவன் வீட்டில எல்லோ நிக்கிறான்," என்றார் மாமி.

அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. நிலத்தில் இருந்துவிட்டார். "போய்ச் சொல்லவேணும்," என்றார். பிறகு, "சொன்னா பெட்டி ஆர் செய்தது எண்டு கேப்பாங்கள்," என்றார். ஒரு கிழமை அப்படியே போனது.

அம்மா யோசித்துக் கண்டுபிடித்த வழி பெட்டியை எடுத்துவிடுவது. சத்தம் நின்றால் மாமிக்குத் தெளிந்துவிடும் என்று நினைத்தார். மாமி குளிக்கக் கிணற்றடிக்குப் போன நேரம் அதை நெல்லுச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தோம். அம்மா வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகை அடுப்புக்குப் போனது.

பின்னேரம் மாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். தலை ஈரம் காயவில்லை.

"தம்பி எங்க?"

"அக்கா, அங்க இருந்து விளையாடினது இவள். என்ர பிள்ளை," என்றார் அம்மா.

"இவளை எனக்குத் தெரியும். நான் என்ர பிள்ளையைக் கேக்கிறன்."

அண்ணா முதல்தரம் காணாமற் போனபோது நாங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டாம் தரம் எங்கள் வாசலில் நின்று பார்த்தோம். மாமி கத்தவில்லை. வளவு வளவாகப் போய்க் கேட்டார். இடிந்த வீடுகளுக்குள்ளும் போய்ப் பார்த்தார். அடுத்த நாள் விடிய படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பின்னேரம் ஒரு கடதாசியோடு வந்து அம்மாவிடம் நீட்டினார்.

"திரும்பப் பதிஞ்சிட்டன். சரியோ எண்டு வாசிச்சுச் சொல்லும்."

அம்மா வாசித்தார். காணாமற்போன இடம்: வீடு. காணாமற்போன நாள்: முந்தின நாள். நேற்று வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் போன ஒருவனை, கடற்கரையில் போனவர்களோடு இனி யார் தேடுவார்கள்? அம்மா கடதாசியை மடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து எனக்குச் சட்டை எடுத்து வைத்தார். "நாளைக்கு நீயும் வா," என்றார்.

கிளிநொச்சிக் கந்தோருக்கு மூன்று பேரும் பஸ்ஸில் ஒரே சீற்றில் இருந்து போனோம். மேசைக்கு அப்பால் இருந்தவர் அம்மாவைவிட வயது கூடிய ஒரு பெண். அம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

"பொய்," என்றார் மாமி. "எனக்கு என்ர பிள்ளையின்ர சத்தம் தெரியாதோ?"

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அந்தச் சாமானை ஆர் செய்தது?"

"நான்."

"எங்க பழகினீங்கள்?"

அம்மாவின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது குளிர்ந்தது. "முந்திப் பழகினது," என்றார். அந்தப் பெண் அதை எழுதினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். அதை நான் கண்டேன்.

பிறகு என்னிடம் கேட்டார். "பிள்ளை, பயப்படாமல் சொல்லும். அண்டைக்கு அவை வந்து தம்பி எண்டு கூப்பிட, உள்ளுக்கிருந்து பதில் சொன்னது நீரோ?"

"ஓம்," என்றேன்.

மாமி திரும்பினார். அத்தனை மாதத்தில் என் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. என் இடக்கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். பிறகு அதை என் மடியிலேயே கொண்டுவந்து வைத்தார்.

"எழுதுங்கோ," என்றார் மேசைக்காரியிடம். "கடற்கரைப் பக்கம். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு கானோட போனவன். நான் பங்கருக்குள்ள இருந்தனான். அவன் கூப்பிட்டது கேட்டது. சனச் சத்தத்தில பதில் சொன்னனானோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை."

பெயர் பழையபடி பட்டியலில் ஏறியது. அதன்பிறகு அம்மாவை மூன்று தரம் வேறு இடத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் தரம் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார். வந்ததும் செப்புத் துண்டைக் கிணற்றில் போட்டார். என்ன கேட்டார்கள் என்று நானும் கேட்கவில்லை. நான் ஏ.எல். படிக்க வவுனியாவுக்குப் போனதும், அங்கேயே வேலைக்கு இருந்துவிட்டதும் உங்களுக்குத் தெரியும்.

மாமி இப்போதும் இருக்கிறார். மற்றத் தாய்மாரோடு காணாத பிள்ளைகளைக் கேட்டு றோட்டோரப் பந்தலில் படத்தோடு இருந்தார், போன வருடம் கால் வீங்கும்வரை. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தேன். இடியப்பமும் சொதியும் கொண்டுபோயிருந்தேன். என்னை உடனே அறிந்தார். வேலை எப்படி, அம்மா சுகமோ என்றெல்லாம் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிக்கு "எங்கட பிள்ளை" என்று காட்டினார். நான் பல வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"நீ அண்டைக்கு ஓமெண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம் பிள்ளை."

"தெரியும் மாமி," என்றேன். "அவை ரெண்டு பேரும் வந்து கூப்பிடேக்க நான் எழும்பி வெளியில வந்திருக்கவேணும்."

"அது இல்லை," என்றார் மாமி. "கந்தோரில சொன்னது. அதை நீ சொல்லாட்டி அவன் இப்பவும் வீட்டில இருந்திருப்பான்."